ஒரு கைதட்டல் கொசு

பேராண்டி, ஊருக்கு வந்த நாலு நாளும் செல்போனையே தடவிக்கிட்டுக் கிடக்காம, உருப்படியா ஒரு தொழில் கத்துக்கிட்டுப் போ. முதல் போட வேண்டாம், இடுப்பு வலிக்காது, பரீட்சை கிடையாது. உங்க ஆபீசுல சம்பள உயர்வு கேக்கும்போது சொல்லிக்கக்கூட உதவாது. அதனாலதான் நல்ல தொழில்ங்கிறேன். கூட்டங்கூட்டமாக் கிடக்கிற சாமானுக்கெல்லாம் கூட்டப்பேர் வைக்கிற தொழில்.

முழிக்காதே. பள்ளிக்கூடத்துல நீ ஒப்பிச்சதுதான். ஆடு நிறைய நின்னா மந்தை. அதே ஆட்டை ராத்திரி வயக்காட்டுல மடக்கிப் போட்டா கிடை. எறும்பு வரிசை கட்டினாச் சாரை. வைக்கோலை அடுக்கினா நம்ம பக்கம் படப்பு, தஞ்சாவூர்ப் பக்கம் போர். வாழைக்காய் நமக்குத் தார், நாகர்கோவில்காரனுக்குக் குலை. அறுத்துப் பிரிச்சா ரெண்டு பேருக்கும் சீப்பு. நாத்தைப் பறிச்சுக் கட்டினா முடி. நூலுக்குச் சிட்டம், நோட்டுக்குக் கத்தை, சாவிக்குக் கொத்து, வெத்தலைக்குக் கவுளி. ஒவ்வொண்ணுக்கும் யாரோ ஒருத்தன் என்னைக்கோ பேர் வச்சிட்டுப் போயிருக்கான். அவனுக்குச் சிலை இல்லை, குருபூசை இல்லை, ஒரு பஸ் ஸ்டாண்டுக்குக்கூட அவன் பேரை வைக்கலை. ஆனா அவன் வாயில வந்தது இன்னைக்கு வரைக்கும் உன் வாயில இருக்கு.

இப்ப உன் பையைத் திற. சார்ஜர் ஒயர் ஏழெட்டு உருண்டு கிடக்குமே, அதுக்குக் கூட்டப்பேர் என்ன? "ஒயருங்க." இம்புட்டுத்தானா? இதுக்கா உங்கப்பன் காட்டை வித்துப் படிக்க வச்சான்?

தமிழய்யா காதுல விழுந்தா வருத்தப்படுவார்டா. தொல்காப்பியத்துல மரபியல்னு ஒரு இயலே இருக்கு. பிறந்த குட்டியை என்ன சொல்லிக் கூப்பிடணும்னு மட்டும் ஒன்பது பேர்: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. எதுக்கு எது பொருந்தும்னும் சொல்லியிருக்கு. மாட்டுக்கூட்டத்துக்கு நிரைன்னு பேர். அடுத்தவன் நிரையை ஓட்டிக்கிட்டு வந்தா வெட்சி, போன நிரையை மீட்டுக்கிட்டு வந்தா கரந்தை. மாடு களவாங்கப் போறதுக்கும் ஒரு பூ, துரத்திக்கிட்டுப் போறதுக்கும் ஒரு பூ. திவாகர நிகண்டுல பன்னிரண்டு தொகுதி உண்டு; கடைசித் தொகுதிக்குப் பேரே 'பல்பொருள் கூட்டத்து ஒருபெயர்த் தொகுதி.' சுடர் ரெண்டு, குணம் மூணு, பூதம் அஞ்சுன்னு கட்டுக் கட்டாக் கட்டி வச்சுட்டுப் போயிருக்காக. அந்த வம்சத்துல பிறந்துட்டு, "ஒயருங்க."

சரி, அழாதே. தொழில் ரகசியத்தைச் சொல்றேன். நல்ல கூட்டப்பேர் எதையும் தூர நின்னு பார்த்தவன் வச்சதில்லை. அதோட மல்லுக்கட்டினவன் வச்சது. இட்லிக்கு ஈடுன்னு பேர் வச்சது திங்கிறவனா இருக்கவே முடியாது. திங்கிறவன் கணக்கு எட்டு இட்லி, பத்து இட்லி. அடுப்படியில நிக்கிறவளுக்குத்தான் ஒரு தடவை ஊத்தி வெந்து இறங்குறது ஒரு கணக்கு. விருந்தாளி அஞ்சு பேர் சொல்லாமக் கொள்ளாம வந்து உக்காந்தா, வாய் "வாங்க, வாங்க"ங்கும். மனசு "இன்னும் ரெண்டு ஈடு ஊத்தணுமே"ங்கும். பூவுக்கு முழம்னு வச்சவனும் அப்படித்தான். யார் கை முழம்? பூக்காரம்மா கையா, வாங்குறவ கையா? நூறு வெத்தலை ஒரு கவுளிம்பாக. எண்ணிப் பார்த்தவன் சண்டைக்குப் போவான், எண்ணாதவன் வெத்தலை போடுவான்.

இந்த எல்லாப் பேருக்கும் மேல நான் கும்பிடுற பேர் ஒண்ணு இருக்கு: கூறு. சந்தைக்குப் போனா, கடை கடையாப் பார்த்துக்கிட்டு ஓடாம ஒரு இடத்துல நில்லு. சாக்கை விரிச்சுத் தக்காளியைக் கூறு கூறா வச்சிருப்பா. தராசு கிடையாது. இம்புட்டுத்தான் ஒரு கூறு, இருபது ரூவா. உச்சியில ஒரு பழம் உக்காந்திருக்கும் பாரு, அலங்காரம் பண்ணின கல்யாணப் பொண்ணு மாதிரி. அதைத் தாங்கி நிக்கிற நாலும் சுமார். அடியில ஒண்ணு கன்னத்தைத் தரையில வச்சுப் படுத்திருக்கும். அது எதுக்குத் தரையைப் பார்க்குதுன்னு வீட்டுக்கு வந்து பையைக் கொட்டினாத்தான் தெரியும். "இந்தக் கூறு சின்னதா இருக்கே"ன்னு பக்கத்துக் கூறுல இருந்து ஒண்ணை எடுத்து இதுல வச்சுப் பாரு, என்ன நடக்குதுன்னு. கூறைக் கலைக்கக் கூடாது. அது சந்தைச் சட்டம், எந்தக் கோர்ட்டும் தலையிடாது. மீன்லயும் அப்படித்தான், சாளை, நெத்திலியெல்லாம் கூறு போட்டுத்தான் விப்பாக. வாங்குற உனக்கும் தெரியும், விக்கிற அவளுக்கும் தெரியும், அடியில ஒண்ணு சொத்தைன்னு. தெரிஞ்சே ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டுத்தான் காசு கைமாறும். கண்ணாடிக் கதவு போட்ட கடையில எடை போட்டு, 'தக்காளி 0.480'ன்னு சீட்டு அடிச்சுத் தர்றானே, அங்க பிறக்குமா இப்படி ஒரு பேரு? அதுல என்ன அழகு இருக்கு, என்ன களவு இருக்கு?

நம்மளை விட்டா ஆளில்லைன்னு நெஞ்சை நிமித்திடாதே. வெள்ளைக்காரனும் இந்தத் தொழில் பார்த்திருக்கான். 1486-ல இங்கிலாந்துல செயின்ட் ஆல்பன்ஸ்ங்கிற ஊர்ல ஒரு புத்தகம் அச்சுப் போட்டாக. ஊர்ப் பேரையே சொல்லித்தான் இன்னைக்கும் அந்தப் புத்தகத்தைச் சொல்றாக. வல்லூறு பழக்குறது, வேட்டையாடுறது, குடும்பச் சின்னத்தைப் படிக்கிறதுன்னு பெரிய வீட்டுப் பிள்ளைக தெரிஞ்சுக்க வேண்டிய சமாச்சாரம். அதுக்குள்ள, எந்தப் பிராணி கூட்டமா நின்னா என்ன சொல்லணும்னு ஒரு பட்டியல். மாத்திச் சொன்னா, "பய பட்டிக்காடு போல"ன்னு சபையில தெரிஞ்சு போகும், அதுக்காகவே மனப்பாடம். காக்காய்க் கூட்டத்துக்கு இங்கிலீசுல 'கொலை'ன்னு பேர். நம்ம பக்கம் காக்கா வந்து கரைஞ்சா விருந்தாளி வருவான்னு உலை வைப்போம், அவுக கொலைங்கிறாக. ஆளாளுக்கு ஒரு காக்கா.

ஆனா பட்டியல் போட்டவனுக்குக் குறும்பு தலைக்கேறிடுச்சு. பிராணியோட நிறுத்தாம மனுசருக்கும் வைக்க ஆரம்பிச்சுட்டான். நீதிபதிக கூட்டத்துக்குத் 'தண்டனை'. வித்தை காட்டுறவுகளுக்கு 'என்னைக்கும் தேறாதது.' பெண்டாட்டிமார் கூட்டத்துக்குப் 'பொறுமையின்மை'. இந்தக் கடைசிப் பேரை மட்டும் உங்க அப்பத்தாகிட்டச் சொல்லி வைக்காதே. புருசன்மாருக்கு அந்தாள் என்ன பேர் வச்சான்னு கேப்பா. இல்லைன்னா அவளே வச்சிருவா. ஐந்நூறு வருசத்துக்குக் கொஞ்சம் முன்ன பின்ன கழிச்சு, 1968-ல, அமெரிக்காவுல ஜேம்ஸ் லிப்டன்னு ஒருத்தர் இந்தப் பழைய பேரையெல்லாம் தூசி தட்டிப் புதுசாவும் சேர்த்து ஒரு புத்தகமாப் போட்டார். எனக்கு எப்படித் தெரியும்னா பார்க்கிறே? நீ பரணுல போட்டுட்டுப் போன புத்தகத்தையெல்லாம் கரையான் மட்டுமா படிக்கும்?

இனி தொழிலுக்கு வருவோம். முதல்ல வாயில வர்ற பேரைத் துப்பிடு. கொசுவுக்கு ஒரு பேர் சொல்லுன்னா உடனே 'கச்சேரி'ம்பே. பாடுது, அதனால கச்சேரி. இதை எல்.கே.ஜி. பிள்ளையும் சொல்லும். கொசு என்ன பண்ணுதுங்கிறதை விடு, கொசு வந்தா நீ என்ன பண்றேன்னு யோசி. கை தட்டுறே. பொழுது சாய்ஞ்சா தெரு முழுக்க ஒவ்வொரு திண்ணையிலயும் ஆளு உக்காந்து, மேடையுமில்லாம பேச்சாளருமில்லாம படபடன்னு தட்டிக்கிட்டு இருக்காக. ஆக, ஒரு கைதட்டல் கொசு. "ராத்திரி கரண்டு போனதும் வீட்டுக்குள்ள நாலு கைதட்டல் கொசு"ன்னு சொல்லிப் பாரு. கேக்குறவன் கை தானா சொறியும்.

ஒயருக்கு நான் வச்ச பேர் பிணையல். களத்துல கதிரை மிதிக்க மாட்டைச் சேர்த்துக் கட்டினாப் பிணையல். கம்மாக்கரையில ரெண்டு பாம்பு முறுக்கிக்கிட்டு நின்னாலும் பிணையல்தான். உன் பைக்குள்ள கிடக்கிறது ரெண்டுல எதுன்னு நீயே சொல்லு. பிரிக்கப் போனா ரெண்டுமே சீறும். ஒரு பிணையல் ஒயர். இதையே ஒரு வல்லுநர் குழுகிட்டக் கொடுத்தா 'மின்னேற்றி வடத் தொகுப்பு'ன்னு வரும். "தம்பி, அந்த மின்னேற்றி வடத் தொகுப்பை எடு"ன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள போன்ல மிச்சமிருக்கிற சார்ஜும் இறங்கிடும்.

அடுப்படிக் கதவுக்குப் பின்னாடி ஆணியில ஒரு பிளாஸ்டிக் கவர் தொங்குது பாரு. அதுக்குள்ள கவர், அந்தக் கவருக்குள்ள இன்னும் கவர். 2019 சனவரி ஒண்ணாம் தேதியோட ஒரு தடவை போட்டுட்டு வீசுற பிளாஸ்டிக்குக்குத் தடைன்னு அரசாங்கம் சொல்லிடுச்சு. கவருக்குத்தான் காது கேக்கலை. நம்ம ஆணியில தொங்குறது நாளுக்கு நாள் வயிறு பெருத்துக்கிட்டே வருது. ஒரு சினை கவர். இதுக்கு மேல விளக்கம் வேண்டாம்.

உங்க குடும்ப வாட்ஸாப்பு குரூப்புல விடியுமுன்னே ரோசாப்பூ படம், சூரியன் படம், சாமி படம்னு 'இனிய காலை வணக்கம்' வந்து குவியுதே, அதுக்கு ஒரு பேர் ரொம்ப நாளா மனசுல ஓடிச்சு. தூறல்னு வச்சுப் பார்த்தேன், ஒட்டலை. தூறல் விட்டுப் போகும், இது விடாது. கடைசியில ஒரு கல்யாண வீட்டு வாசல்ல மொய் நோட்டைப் பார்த்ததும் சட்டுனு விழுந்துச்சு. ஒரு மொய் காலை வணக்கம். ஈ மாதிரி மொய்க்கவும் செய்யுது, மொய் மாதிரித் திருப்பிச் செய்யவும் வேணும். இன்னைக்கு உங்க பெரியம்மா ஒரு ரோசாப்பூ வச்சா, நாளைக்கு நீ ஒரு ரோசாப்பூ வச்சாகணும். வைக்கலைன்னா கேக்க மாட்டாக. ஆனா குறிச்சு வச்சிருப்பாக. அடுத்த விசேசத்துல, "தம்பி ரொம்பப் பெரிய மனுசனாயிட்டாரு"ன்னு ஒரு சொல்லு விழும் பாரு, அது வட்டி. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி மாசத்துல மொய் விருந்துன்னே பந்தல் போட்டுக் கறிச்சோறு ஆக்கிப் போடுவாக. அங்க சோறாவது உண்டு.

ஜெராக்ஸுக்கும் வச்சிருக்கேன். போன மாசம் ஒரு ஆபீசுக்குப் போனேன். ஆதார் ஜெராக்ஸ் கேட்டாக, கொடுத்தேன். ரேசன் கார்டு ஜெராக்ஸ் கேட்டாக. பாஸ்புக் ஜெராக்ஸ். அதுக்கப்புறம் ஆதார் ஜெராக்ஸே இன்னொண்ணு. உசிரோட முன்னால நிக்கிறேன், மூச்சு விடுறேன், இருமுறேன். என்னை நம்பலை, அந்தக் கறுத்துப்போன படத்தைத்தான் நம்புனாக. அதுலயும் நான் இருக்கேனா, எங்க சித்தப்பா இருக்காரான்னு எனக்கே தெரியலை. ஒரு சந்தேகம் ஜெராக்ஸ். இனிமே ஆபீசுக்குக் கிளம்பும்போது, "ரெண்டு சந்தேகம் ஜெராக்ஸ் எடுத்து வையி"ன்னுதான் சொல்றது.

டீக்கடையில ஒரு தினத்தாளை நடுப்பக்கத்தோட உருவி நாலு பேர் நாலு தாளாப் படிக்கிறாகளே, அதுக்குப் பாகப்பிரிவினை. விளையாட்டுப் பக்கம் கிடைக்காதவன் முகத்தைப் பாரு, கிணத்துப் பங்கு கிடைக்காத தம்பி மாதிரியே இருக்கும். தலை தீவாளிக்கு வர்ற மாப்பிள்ளைகளுக்கு முறுக்குன்னு ஏற்கெனவே ஊர் வச்சிருச்சு, நான் கை வைக்கலை. எங்களை மாதிரி கிழடுக நாலு சேர்ந்து உக்காந்தா ஒரு இருமல் கிழவர். நாங்களே வச்சுக்கிட்டது, அதனால உனக்குச் சொல்ல உரிமை இல்லை. உங்க ஆபீசுல ஒரு மணி நேரம் கூடிப் பேசி, அடுத்து எப்பக் கூடலாம்னு முடிவு பண்ணிக் கலையிறதா நீதான் சொன்னே. எனக்குச் சிவில் கோர்ட் பழக்கம். ஒரு வாய்தா மீட்டிங். உங்க மேனேஜர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லாதே, நீ சொன்னதாவும் சொல்லாதே.

இதுல ஒரு எச்சரிக்கை இருக்கு. உன்னைவிட எளியவுகளைக் கூட்டமா நிறுத்திப் பேர் வைக்காதே. சாதியைத் தொட்டு வைக்காதே, உடம்புக் குறையைத் தொட்டு வைக்காதே. அந்த மாதிரிப் பேரையெல்லாம் ஊர் ஏற்கெனவே நிறைய வச்சுப் பாவத்தைச் சேர்த்து வச்சிருக்கு. உன் பங்கு வேண்டாம். மேல இருக்கிறவுகளுக்குத் தாராளமா வை. ஓட்டுக் கேட்டு வர்றவுகளுக்கு ஒரு கும்பிடு வேட்பாளர்னு வச்சேன். ஓட்டு எண்ணி முடிச்ச அன்னைக்கே அந்தப் பேர் காலாவதியாயிருது, கையைத் தூக்க ஆளில்லை. அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா புதுப்பிச்சுக்கலாம். ஆனா இதையெல்லாம் அவுக காது கேக்குற தூரத்துல சொல்லிடாதே. கிண்டல் நல்லது, பல்லும் நல்லது.

இன்னொண்ணு. பேர் கண்டுபிடிச்சிட்டேன்னு தமுக்கு அடிச்சா அந்தப் பேர் அங்கேயே செத்துச்சு. பேச்சோட பேச்சாக் கழட்டி விடணும். "அந்தச் சினை கவர்ல இருந்து ஒண்ணு உருவு"ன்னு சாதாரணமாச் சொல்லு. "என்னது?"ன்னு எதிராளி திருப்பிக் கேட்டா தோத்துப் போனே, வேற பேர் பாரு. கேக்காம உருவிக் கொடுத்தா பேர் பிழைச்சுக்கிச்சு. மறுநாள் அவனே அதை உங்கிட்டச் சொன்னா, நீ வச்ச பேருன்னு உரிமை கொண்டாடாம, "அட, நல்லாருக்கே, யார் சொன்னா?"ன்னு கேளு. அதுல இருக்கிற சுகம் அப்ரைசல்ல கிடைக்காது.

நான் இம்புட்டுப் பேர் வச்சும் என்ன பிரயோசனம்? இந்த வீட்டுல நிலைச்ச பேர் உங்க அப்பத்தா வச்சதுதான். அவ உக்காந்து யோசிச்சு வைக்கலை. பரணைச் சுத்தம் பண்ண ஏறினா. துணி போன குடைக் கம்பி, ஒத்தைக் காது போன கத்தரி, மூடியில்லாத டார்ச்சு, மூணு பியூஸ் கட்டை, அந்துபோன மோட்டார் பெல்ட்டு, முள்ளு மட்டும் நிக்கிற கடிகாரம். ஒவ்வொண்ணையும் மேல இருந்து காட்டி, "இதைத் தூக்கிப் போடட்டுமா?"ன்னு கேட்டா. நானும் கீழ இருந்து, "எதுக்கும் இருக்கட்டும்"னேன். அம்புட்டுக்கும் அதே பதில். அவ ஒண்ணும் பேசலை, கீழ இறங்கிட்டா. பழைய இரும்புக்காரன் தெருவுல வந்தப்ப வாசல்ல நின்னு சத்தமாச் சொன்னா: "தம்பி, எங்க வீட்டுல ரெண்டு மூட்டை எதுக்கும்-இருக்கட்டும் கிடக்கு, எடை போட்டுக்கிறியா?" அவனும், "என்னது"ன்னு ஒரு வார்த்தை கேக்காம தராசை எடுத்தான் பாரு!

அன்னையில இருந்து தெருவுல எல்லார் வீட்டுப் பரணுலயும் அதுதான் கிடக்கு. போன வாரம் ஸ்குரூ டிரைவரைத் தேடுனப்ப நானே, "அந்த எதுக்கும்-இருக்கட்டும்ல பாரு"ன்னு சொல்லிப்புட்டேன். யாரைக் குத்துறதுக்கு வச்சாளோ அவன் வாயிலயே வந்துருச்சு. அவ திரும்பிக்கூடப் பார்க்கலை, பருப்புக் கடைஞ்சுக்கிட்டு இருந்தா. தொழில்காரி.

சரி, எந்திரி. சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்புறதுக்குள்ள வீட்டுப்பாடம் மூணு. டப்பாவுல பாதி தின்னு பாதி கிடக்கிற மாத்திரை அட்டைகளுக்கு ஒண்ணு. கோயில் வாசல்ல குவிஞ்சு கிடக்கிற செருப்புக்கு ஒண்ணு. நீ மறந்து மறந்து மாத்துறியே பாஸ்வேர்டு, அதுக்கு ஒண்ணு. யோசிச்சு வச்சு என் காதுல மட்டும் சொல்லு. நல்லா இருந்தா நான் வச்சதா டீக்கடையில சொல்லிக்கிறேன். நல்லா இல்லைன்னா என் பேரன் வச்சதுன்னு சொல்லிடுறேன்.